எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களும் குழந்தைகளும்: சட்ட உரிமை என்பது என்ன?

“அவர்களுக்கென்று ஒரு சட்டம் வந்திருக்கிறதாம், ஆனால் வழக்கு என்று போனால் ஊருக்கே தெரிந்துவிடுமே.” எச்.ஐ.வி. பற்றிய பேச்சு எழும் இடங்களில் இந்த வாக்கியம் ஏதோ ஒரு வடிவில் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. இதன் முதல் பாதி உண்மை. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் இந்தியாவில் 2017இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டாம் பாதிதான் தவறு. உரிமையைக் கேட்டால் இரகசியம் போய்விடும் என்று நம்பும் பெண், மருத்துவமனையில் திருப்பி அனுப்பப்பட்டாலும், புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டாலும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தச் சொன்னாலும் வாயைத் திறக்கமாட்டார். அந்த அச்சத்தை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட சட்டம் இது என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை.

சலுகையும் உரிமையும்

வீட்டில் அரிசி தீர்ந்துபோன ஒரு நாளில் பக்கத்து வீட்டார் ஒரு படி அரிசி தந்தால் அது அன்பு. மறுநாள் அவர்கள் தராவிட்டால் வருத்தப்படலாமே தவிர, ஏன் தரவில்லை என்று கேட்க முடியாது. குடும்ப அட்டைக்குரிய அரிசியை ரேஷன் கடையில் மறுத்தால் நிலைமை வேறு. அங்கே கேட்கலாம், பதில் வராவிட்டால் மேலே எழுதலாம். இரண்டு இடத்திலும் கிடைப்பது அதே அரிசிதான் என்றாலும், ரேஷன் கடையில் பெறுவதற்கு உரியவர் ஒருவர், கொடுக்கக் கடமைப்பட்டவர் ஒருவர், மறுத்தால் முறையிட ஓர் இடம் என்று மூன்றும் இருக்கின்றன. இம்மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அதற்கு உரிமை என்று பெயர்.

எச்.ஐ.வி. தொடர்பான விழிப்புணர்வுக் கூட்டங்களில் பெரும்பாலும் முதலாவது மட்டுமே சொல்லப்படுகிறது: உங்களுக்குச் சிகிச்சை பெறும் உரிமை உண்டு, கல்வி பெறும் உரிமை உண்டு, மதிப்புடன் வாழும் உரிமை உண்டு. கேட்பதற்கு இதமாக இருக்கும் இந்தப் பட்டியல், கடமைப்பட்டவர் யார், எங்கே முறையிடுவது என்ற இரண்டையும் விட்டுவிடுவதால், வீடு திரும்பியதும் பயன்படாமல் போகிறது. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு உரிமைக்கும், அதற்குக் கட்டுப்பட்டவர் யார் என்பதைச் சேர்த்தே பார்ப்போம்.

சட்டம் யாரைக் காக்கிறது?

தொற்று உள்ளவருக்கு மட்டுமே இந்தச் சட்டம் என்பது பரவலான எண்ணம். உண்மையில் அது பயன்படுத்தும் சொல் ‘பாதுகாக்கப்பட்ட நபர்’ என்பது. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர், தொற்று உள்ளவருடன் வழக்கமாகச் சேர்ந்து வசிப்பவர், தொற்று இருந்த ஒருவருடன் முன்பு சேர்ந்து வசித்தவர் ஆகிய மூவரும் இச்சொல்லில் அடங்குவர்.

தாய்க்குத் தொற்று இருந்து, தனக்கு இல்லாத ஒரு சிறுமியைப் பள்ளியில் ஒதுக்கி உட்காரவைத்தால், “அவளுக்கு ஒன்றும் இல்லையே, அவளுக்கு எதற்குச் சட்டம்?” என்ற கேள்விக்கு இடமில்லை. கணவரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்து, தனக்குத் தொற்று இல்லாத மனைவியும் இதே பாதுகாப்பின் கீழ் வருகிறார். ஒதுக்குதல் என்பது பரிசோதனை அறிக்கையைப் பார்த்து நடப்பதில்லை. ‘அந்த வீடு’ என்று சுட்டப்படுவதில்தான் அது தொடங்குகிறது. ஆகவே பாதுகாப்பும் வீடு முழுவதற்கும் விரிக்கப்பட்டிருக்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் ஊரின் இயல்பை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள் என்று இந்த இடத்தில் தோன்றுகிறது.

பாதுகாக்கப்பட்டவரை எதிலிருந்து காக்கிறது என்றால், பாரபட்சத்திலிருந்து. எச்.ஐ.வி.யைக் காரணமாகக் காட்டி ஒருவருக்கு வேலையை, கல்வியை, சிகிச்சையை, வாடகை வீட்டை, பொது இடங்களின் பயன்பாட்டை மறுப்பதும், பாதியில் நிறுத்துவதும், நியாயமற்ற முறையில் நடத்துவதும், தனிமைப்படுத்துவதும் பாரபட்சம் எனப்படும். வேலைக்கோ, பள்ளிச் சேர்க்கைக்கோ, சிகிச்சைக்கோ எச்.ஐ.வி. பரிசோதனையை முன்நிபந்தனையாக வைப்பதும் இதில் சேரும். இந்தத் தடை அரசை மட்டுமின்றித் தனியார் பள்ளி, தனியார் மருத்துவமனை, வீட்டு உரிமையாளர், முதலாளி என அனைவரையும் கட்டுப்படுத்துகிறது.

சுருங்கச் சொன்னால், தொற்று உள்ளவரும் அவருடன் வாழ்பவரும், வாழ்ந்தவரும் உரியவர்கள். அவர்களுடன் தொழில், கல்வி, மருத்துவம், குடியிருப்பு என்ற வகையில் தொடர்புகொள்ளும் எவரும் கடமைப்பட்டவர்கள்.

கையெழுத்தும் சம்மதமும்

ஒரு முதியவரைப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, படித்துக் காட்டாமலே ஓர் ஆவணத்தில் கைநாட்டு வாங்கிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மை காகிதத்தில் பதிந்திருக்கிறது, அவர் சம்மதித்தாரா? இல்லை என்றே எல்லோரும் சொல்வோம். மருத்துவமனையில் மட்டும் இந்தத் தெளிவு நமக்கு மறந்துபோகிறது. நோயாளியின் கையில் நான்கு படிவங்களைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் சம்மதம் கிடைத்துவிட்டதாகக் கருதப்படுகிறது.

எச்.ஐ.வி. பரிசோதனைக்குச் சட்டம் கேட்பது ‘தகவலறிந்த சம்மதம்’. பரிசோதனை எதற்காக, அதன் முடிவு எதைக் குறிக்கும், அதனால் வரக்கூடிய நன்மை தீமைகள் என்ன என்பவற்றைப் புரியும் மொழியில் கேட்டறிந்த பிறகு, வற்புறுத்தலோ ஏமாற்றோ இல்லாமல் தரும் ஒப்புதலே தகவலறிந்த சம்மதம். பரிசோதனைக்கு முன்பும் பின்பும் ஆலோசனை வழங்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று அழைக்கப்படும் இடங்களில் ஆலோசகர் அமர்ந்திருப்பது இதற்காகத்தான். குழந்தைகளின் பொருட்டு இந்தச் சம்மதத்தைப் பெற்றோரோ காப்பாளரோ தருகின்றனர்.

விதிவிலக்குகள் சில உண்டு. நீதிமன்ற ஆணை, உரிமம் பெற்ற இரத்த வங்கியில் நடக்கும் இரத்தப் பரிசோதனை, பெயர் தெரியாத வகையில் நடத்தப்படும் நோய்ப்பரவல் கணக்கெடுப்பு போன்றவை அவை. கர்ப்பகாலப் பரிசோதனை இந்த விதிவிலக்குகளில் இல்லை என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்வது மிகப் பயனுள்ளது. சிகிச்சை ஏதும் இல்லாதபோது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று செல்லும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை இருக்கிறது. உரிய சிகிச்சை இருந்தால் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. ஆனால் பயனுள்ளது என்பதற்காகச் சொல்லாமல் செய்துவிட முடியாது. அவரிடம் விளக்கிச் சம்மதம் பெற்றே செய்யவேண்டும்.

அடுத்த படி இன்னும் முக்கியமானது. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிக்கு அவரது தகவலறிந்த சம்மதம் இல்லாமல் கருக்கலைப்போ கருத்தடை அறுவைச் சிகிச்சையோ செய்யக்கூடாது என்று இச்சட்டம் தனியாகக் கூறுகிறது. ‘உனக்கு எதற்கம்மா பிள்ளை’ என்று மாமியார் கேட்பதும் மருத்துவப் பணியாளர் கேட்பதும் ஒன்றாகிவிடும் சூழலில், முடிவு அந்தப் பெண்ணுடையது என்று எழுத்தில் இருப்பது சிறிய விஷயமில்லை. கணவர் கையெழுத்திட்டாலும், பெற்ற தாயே கையெழுத்திட்டாலும் அது அவருடைய சம்மதத்துக்கு ஈடாகாது.

இரகசியம் யாருடையது?

உங்கள் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது வங்கி ஊழியருக்குத் தெரியும். வேலையின் பொருட்டு அவர் அதைத் தெரிந்துகொண்டார்; தெரிந்ததால் அது அவருடைய செய்தியாகிவிடவில்லை. உங்கள் மைத்துனர் வந்து கேட்டால் சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. எச்.ஐ.வி. நிலையும் அத்தகையதே. ஆலோசகர், மருத்துவர், ஆய்வகப் பணியாளர், பள்ளித் தலைமையாசிரியர் என நம்பிக்கையின் அடிப்படையில் அதை அறியவரும் எவரும், உரியவரின் எழுத்து வடிவச் சம்மதம் இல்லாமல் பிறருக்கு வெளியிடக்கூடாது. நீதிமன்றம் நீதியின் பொருட்டு அவசியம் எனக் கருதி ஆணையிட்டால் தவிர, தன் நிலையைச் சொல்லுமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. சிகிச்சைக்குத் தேவைப்படும்போது ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்குத் தெரிவிப்பது அனுமதிக்கப்பட்ட விதிவிலக்கு.

அப்படியானால் மருத்துவப் பணியாளர்களின் பாதுகாப்புக்காகக் கட்டிலில் அடையாளம் எழுதித் தொங்கவிடுவது சரிதானே என்று சிலர் கேட்பதுண்டு. இதற்கான பதில் சட்டத்தில் மட்டுமின்றி மருத்துவத்திலும் இருக்கிறது. எல்லா நோயாளிகளின் இரத்தத்தையும் தொற்று இருக்கக்கூடியதாகவே கருதி, எல்லோரிடமும் ஒரே வகையான கையுறை, ஊசி, கிருமிநீக்க ஒழுங்கைக் கடைப்பிடிப்பதைப் ‘பொதுத் தற்காப்பு முறை’ என்பர். பரிசோதனை செய்யப்படாத நோயாளிகளிடமும் தொற்று இருக்கலாம் என்பதால், ஒருவருடைய கட்டிலை மட்டும் அடையாளப்படுத்துவது மற்றவர்களிடம் கவனக்குறைவையே வளர்க்கும். தற்காப்புக்கான பொருள்களையும், ஊசி குத்திவிட்டால் தரவேண்டிய தடுப்பு மருந்தையும் பணியாளர்களுக்கு வழங்குவது நிறுவனத்தின் கடமை.

கணவன் மனைவிக்கிடையே என்ன விதி என்பதுதான் அதிகம் குழப்பம் நிலவும் இடம். ‘மனைவிக்குத் தொற்று என்றால் கணவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடவேண்டும்’ என்று பலரும் கருதுகின்றனர். சட்டம் அவ்வளவு எளிதாக அந்தக் கதவைத் திறப்பதில்லை. இணையருக்குத் தெரிவிக்கும் அதிகாரம் மருத்துவருக்கோ ஆலோசகருக்கோ மட்டும் உண்டு. இணையருக்குத் தொற்றும் ஆபத்து கணிசமாக இருப்பதாக அவர் நியாயமாக நம்பவேண்டும்; தொற்று உள்ளவரே சொல்லுமாறு முதலில் ஆலோசனை வழங்கியிருக்கவேண்டும்; அவர் சொல்லப்போவதில்லை என்பது உறுதிப்படவேண்டும்; தெரிவிக்கப்போகிறோம் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். இவை அத்தனையும் நிறைவேறினாலும், தெரிவித்தால் வன்முறையோ, கைவிடப்படுதலோ, அவருக்கும் அவருடைய குழந்தைகளுக்கும் கடும் பாதிப்போ நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் தெரிவிக்கக்கூடாது. குறிப்பாகப் பெண்களின் நிலையைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

இதனுடன் இணைந்த கடமையும் ஒன்று உண்டு. தொற்று பரவும் விதத்தை அறிந்த ஒருவர், பிறருக்கு அது பரவாமல் இருக்க நியாயமான முன்னெச்சரிக்கைகளை எடுக்கவேண்டும். ஆணுறையை வலியுறுத்தினாலே அடி விழும் வீட்டில் வாழும் பெண்மீது இந்தச் சுமையை அப்படியே ஏற்றக்கூடாது என்பதால், உடலுறவு தொடர்பான அளவில் இங்கும் அவருக்கு விலக்கு தரப்பட்டிருக்கிறது.

இரகசியம் தொற்று உள்ளவருக்குச் சொந்தம். பணியின் பொருட்டு அறிந்தவர் அதன் காவலர் மட்டுமே. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்தால் மேலே சொன்ன விதிகள் அனைத்தும் அதிலிருந்து தாமாகவே விரியும்.

வீடும் சொத்தும்

கணவர் இறந்த பதினாறாம் நாளே பெட்டியைக் கட்டச் சொல்லும் வழக்கத்துக்கு எச்.ஐ.வி. ஒரு வசதியான காரணமாகிவிடுகிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், ‘பகிர்ந்து வாழும் வீட்டில்’ தங்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. குடும்ப உறவின் அடிப்படையில் அவர் வாழ்ந்துவந்த வீடே பகிர்ந்து வாழும் வீடு. அது அவர் பெயரில் இருக்கவேண்டிய அவசியம் இல்லை. எச்.ஐ.வி. சட்டமும் இதே உரிமையைப் பாதுகாக்கப்பட்ட குழந்தைகள் வரை விரித்து, வீட்டின் எந்தப் பகுதியிலிருந்தும் வசதியிலிருந்தும் அவர்களை ஒதுக்கிவைக்கக்கூடாது என்கிறது. தனித் தட்டு, தனிக் குளியலறை, திண்ணையில் படுக்கை என்பவை இந்த வரிக்குள் வருகின்றன.

தங்கும் உரிமை வேறு, சொத்தில் பங்கு வேறு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய தாய், மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகளாக ஆளுக்கொரு பங்கு பெறுகின்றனர். பிற சமயத்தவருக்கு அவரவர்க்குரிய வாரிசுரிமை விதிகள் உண்டு. 1956இல் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, நோயையோ உடற்குறையையோ காரணம் காட்டி எவரையும் வாரிசுரிமையிலிருந்து விலக்க முடியாது என்கிறது. எச்.ஐ.வி. என்ற சொல்லே பிறக்காத காலத்து வரி அது. ‘நோய்க்காரிக்குப் பங்கு கிடையாது’ என்று பஞ்சாயத்தில் சொல்லப்படும்போது, அதற்கு எதிரான பதில் பல பத்தாண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் இருந்துவருகிறது.

ஜீவனாம்ச வழக்குகளில், மருந்து, பயணம் உள்ளிட்ட எச்.ஐ.வி. தொடர்பான செலவுகளையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கவேண்டும்.

குழந்தைகளுக்கென்று உள்ளவை

பள்ளியைப் பொறுத்தவரை விதி சுருக்கமானது: சேர்க்கவும் மறுக்கக்கூடாது, சேர்த்தபின் ஒதுக்கவும் கூடாது. தமிழ்நாட்டில், கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளிகளில் உள்ள 25 சதவீத இடங்களுக்கு எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகளும் தகுதி பெறுகின்றனர். அந்தத் தகுதியைக் கோரினால் நிலையைச் சான்றுடன் தெரிவிக்கவேண்டியிருக்கும் என்பது இதிலுள்ள சிக்கல். கோருவதா, இரகசியத்தைக் காப்பதா என்பது குடும்பத்தின் விருப்பம். யாரும் அவர்களை எந்தப் பக்கமும் தள்ளக்கூடாது.

பெற்றோரை இழந்த பிள்ளைகளின் நிலத்தையும் வீட்டையும் உறவினர் எடுத்துக்கொள்வது நமக்குப் புதிய கதை இல்லை. இதைத் தடுக்க, பாதிக்கப்பட்ட குழந்தையின் சொத்து ஆவணங்களைக் குழந்தைகள் நலக் குழுவிடம் பாதுகாப்பாக ஒப்படைக்கலாம். குழந்தைகள் நலக் குழு என்பது இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் இயங்கும், ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அமைப்பு. வங்கிப் பெட்டகத்தில் நகையை வைப்பது போலப் பத்திரத்தை அங்கே வைக்கலாம். சொத்தை யாராவது ஆக்கிரமித்தாலும் ஆக்கிரமிக்க முயன்றாலும் அதே குழுவிடம் புகார் தரலாம். பெற்றோர், காப்பாளர், குழந்தையின் நலன் கருதும் எவரும், ஏன், அந்தக் குழந்தையே கூட இதைச் செய்யலாம்.

இச்சட்டத்தில் என்னை மிகவும் நிறுத்திவைத்த பகுதி மூத்த பிள்ளையைப் பற்றியது. தாய் படுத்த படுக்கையாக இருக்கிறார், தந்தை இல்லை, பதினான்கு வயது அக்கா சமைத்துத் தம்பியைப் பள்ளிக்கு அனுப்புகிறாள் என்றால், நடைமுறையில் அவளே அந்த வீட்டின் தலைவி. ஆயினும் தம்பியைப் பள்ளியில் சேர்க்கவோ வங்கியில் பணம் எடுக்கவோ போனால், ‘பெரியவர்களைக் கூட்டிவா’ என்பார்கள். 12 வயது நிறைந்து, போதிய முதிர்ச்சியுடன், எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் காரியங்களைக் கவனித்துவரும் மூத்த பிள்ளை, தன் உடன்பிறந்தாருக்குக் காப்பாளராகச் செயல்படலாம் என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது. பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, வங்கிக் கணக்கு, சொத்துப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு அவள் கையெழுத்து செல்லும். பன்னிரண்டு வயதுத் தோளில் இவ்வளவை ஏற்றலாமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் சுமையை ஏற்றியது சட்டமன்று. ஏற்கெனவே சுமந்துகொண்டிருப்பவளைப் பார்த்து அது தலையசைக்கிறது, அவ்வளவுதான்.

‘வாழும் உயில்’ என்ற ஏற்பாடும் உண்டு. சாதாரண உயில் எழுதியவர் இறந்தபிறகே பேசும். தொற்றால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெற்றோர் எழுதும் வாழும் உயிலோ, அவர்கள் இறந்தால் மட்டுமின்றிச் செயலிழந்து கிடந்தாலும் உடனே நடைமுறைக்கு வந்து, அவர்கள் குறிப்பிட்ட உறவினரையோ நண்பரையோ குழந்தைக்குக் காப்பாளர் ஆக்குகிறது. பெற்றோர் உடல் தேறி எழுந்துவிட்டால் பொறுப்பு மீண்டும் அவர்களிடமே வந்துவிடும். ஆகவே இதை எழுதுவதால் பெற்றோர் எதையும் இழப்பதில்லை.

எங்கே முறையிடுவது?

நூறு பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்களிலும், இருபது பேரோ அதற்கு மேலோ இருக்கும் மருத்துவ நிறுவனங்களிலும் புகார் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். அதற்கு மேல் மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். பாரபட்சம், மருத்துவச் சேவை ஆகியவை பற்றிய புகார்களை விசாரித்து ஆணையிடும் அதிகாரியே குறைதீர்ப்பாளர். பாதிக்கப்பட்டவருக்காக வேறு எவரும்கூட அவரிடம் புகார் தரலாம். 30 நாள்களுக்குள் ஆணை பிறப்பிக்கப்பட வேண்டும். அவசர சிகிச்சை மறுக்கப்பட்ட நிலையில் இயன்றவரை 24 மணி நேரத்துக்குள். ஆணையை மீறினால் 10,000 ரூபாய் வரையும், மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. ஒரு பெரிய மருத்துவமனைக்கு இது உறைக்கும் தொகையா என்பது ஐயமே. சிகிச்சை பற்றிய பிரிவில் அரசின் கடமைக்கு முன் ‘இயன்றவரை’ என்ற சொல்லைச் செருகியிருப்பதும் தொடக்கத்திலிருந்தே கண்டிக்கப்பட்டுவரும் குறை. எனினும் புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதும் தடைசெய்யப்பட்டிருப்பதால், கையில் இருக்கும் கருவி பயனற்றது என்று ஒதுக்கிவிட முடியாது.

இனி, முதலில் பார்த்த அச்சத்துக்கு வருவோம். வழக்கு நீதிமன்றம் வரை போனால் பெயர் வெளியாகுமா? எச்.ஐ.வி. உள்ளவர் கேட்டுக்கொண்டால், நீதியின் பொருட்டு, அவருடைய உண்மைப் பெயருக்குப் பதிலாக மாற்றுப் பெயரில் வழக்கை நடத்தவும், மூடிய அறையில் விசாரிக்கவும், அவரை அடையாளம் காட்டும் எதையும் யாரும் வெளியிடாமல் தடுக்கவும் நீதிமன்றத்தால் முடியும். அதை மீறி அடையாளத்தை வெளியிடுபவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இந்தப் பாதுகாப்பு தானாக வராது. வழக்கின் தொடக்கத்திலேயே வழக்கறிஞர் வழியாகக் கேட்கவேண்டும்.

வழக்கறிஞருக்குக் கட்டணம் தர வழியில்லையே என்ற தயக்கத்துக்கும் பதில் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்தில் இயங்குகிறது. 15100 என்ற எண்ணிலும் சட்ட உதவி கேட்கலாம். எச்.ஐ.வி. பற்றிய ஐயங்களுக்கு 1097, ஆபத்திலிருக்கும் குழந்தைகளுக்கு 1098. போவதற்கு முன், நடந்ததைத் தேதி, இடம், சொன்னவரின் பெயர், அவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றுடன் அன்றே ஒரு தாளில் எழுதிவைப்பதும், மருத்துவச் சீட்டுகளைக் கிழிக்காமல் வைத்திருப்பதும் பெரிதும் உதவும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பு ஏதுமின்றி இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். பெண் என்பதோ குழந்தை என்பதோ மட்டுமே அங்கே தகுதி. ஆகவே அந்தத் தகுதிக்காக எச்.ஐ.வி. என்ற சொல்லைக் குறிப்பிடத் தேவையில்லை. அதை எப்போது, யாரிடம் சொல்வது என்பதை, தமக்கு ஒதுக்கப்பட்ட வழக்கறிஞரின் எதிரே அமர்ந்தபிறகு உதவி கேட்டு வந்தவரே முடிவுசெய்துகொள்ளலாம்.